பாசிக்குக் காவல்

ஏப்ரல் 3

சௌந்தரத்தை இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ரத்தத்தில் புற்று. டாக்டர் அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அழுதது நான். மகள் சுகந்தி என்னைத் தேற்றாமல் அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற அப்பனுக்கு இந்தக் குடும்பத்தில் இருக்கிற மரியாதை இது.

கீமோ கொடுக்கிறார்களாம். ஒரு மாதமாவது உள்ளேயே இருக்க வேண்டுமாம். காலையில் ஆட்டோ ஏறும் முன்னால் என் மனைவி என்னிடம் சொன்னது இரண்டே விஷயம்தான். "கேஸ அணைச்சிட்டேன். அந்தப் பாசிய மட்டும் பாத்துக்கங்க, காஞ்சிரக் கூடாது."

சாப்பாட்டு மேசையில் ஒரு மண்சட்டியில் இருக்கிறது அந்தப் பாசி. போன ஐப்பசி மழையில் கொல்லைச் சுவரில் பிடித்திருந்ததைத் தோசைக்கரண்டியால் வழித்து எடுத்து வைத்துக்கொண்டாள். மல்லிகை வளர்ப்பார்கள், கறிவேப்பிலை வளர்ப்பார்கள். ஊரில் எல்லோரும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தள்ளுவதைச் சட்டியில் வைத்து வளர்க்கிறவள் மதுரையிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என்று வந்தவர்கள் முன்னால் பல தடவை சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சட்டியின் விளிம்பைத் துணியால் துடைப்பாள்.

ஆனாலும் நோயாளி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். சொன்ன சொல் தவறுகிறவன் நான் இல்லை.

ஏப்ரல் 5

பாசிமேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற புட்டியில் போர் தண்ணீரை ஊற்றித் தெளித்தேன். எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பே வேகாது, பாசி எப்படிப் பிழைக்கும்? உப்பு படிந்துவிட்டது. ஓரமெல்லாம் பழுப்பு.

சுகந்தி போன் செய்தாள். "நேத்தும் வரல, இன்னைக்கும் வரலையாப்பா?"

"வெயிலப் பாத்தியா? நான் அங்க வந்து உக்காந்துட்டா இதுக்கு யாரு தண்ணி தெளிப்பா? உங்கம்மாதான் சொல்லிட்டுப் போயிருக்கா."

அவள் போனை வைத்துவிட்டாள். கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவோடு இருக்கிறாள், நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது. கையில் குழாய், கழுத்தில் குழாய். எனக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது. அதைக் கேட்பாரில்லை.

ஏப்ரல் 8

யூடியூபில் ஒரு மலையாளத்துப் பையன் விளக்கமாகச் சொல்கிறான். பாசிக்கு வேர் கிடையாதாம். உடம்பாலேயே தண்ணீரைக் குடிக்குமாம். அதனால் உப்புத் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் உத்தமம். நேர் வெயில் கூடாது, காற்றாடி கூடாது, அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

மதுரையில் பங்குனியில் மழைக்கு எங்கே போவது? படுக்கையறையில் ஏசி இருக்கிறது. மாப்பிள்ளை தலைத் தீபாவளிக்கு வந்தபோது மாட்டியது. அவர் வருகிற நாட்களில் போடுவோம். மற்ற நாட்களில் உறை போட்டு மூடிவிடுவோம், சௌந்தரம் பழைய புடவையில் தைத்த உறை. போன கோடையில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஜாக்கெட்டெல்லாம் நனைந்து எழுந்து உட்கார்ந்துகொள்வாள். "கொஞ்ச நேரம் போடுங்களேன்" என்றாள். மின்வாரியத்தில் காலம் தள்ளினவனிடம் கேட்கிற கேள்வியா இது? மாப்பிள்ளைக்கு வாங்கினதை மாமியார் போட்டுக்கொண்டு படுத்தால் ஊர் சிரிக்கும் என்றேன். மறுபடி கேட்கவில்லை. அந்த வியர்வைதான் இந்த நோயின் முதல் அறிகுறி என்று டாக்டர் இப்போது சொல்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டருக்கா படித்தேன்?

உறையைக் கழற்றினேன். பாசியைப் படுக்கையறைக்கு மாற்றி ஏசியைப் போட்டுவிட்டேன். பின்பக்கச் சுவரில் குழாய் சொட்டுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். பாதி வாளிக்கு, மீதி சுவருக்கு.

ஏப்ரல் 11

பச்சை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. நைட்டி எடுத்துப் போக சுகந்தி வந்தாள். படுக்கையறைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏசி ஓடுதேப்பா? யாருக்கு?"

"கதவச் சாத்திட்டுப் பேசு, குளிர் போகுது. பாசிக்கு."

என்னைப் பார்த்தாள். ஏசியைப் பார்த்தாள். மடித்து வைத்திருந்த புடவை உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு முடி பூராவும் கொட்டிருச்சுப்பா. தலகாணியெல்லாம் முடி. வாயெல்லாம் புண்ணு, தண்ணி முழுங்க முடியல."

"முடிதான, வளரும். இது போச்சுன்னா வராது. நீயே பாரு, போன வாரம் ஓரமெல்லாம் கருகிக் கெடந்துச்சு. இப்ப எப்படி இருக்கு பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் அருமை தெரிந்திருக்கும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? போகும்போது, "ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டு வந்திருங்கப்பா" என்றாள். வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 19

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகவில்லை என்று இனி ஒருவரும் பேச முடியாது.

வெறுங்கையோடு எதற்குப் போவது? பாசியையே கொண்டு போய்க் காட்டினால் சந்தோஷப்படுவாளே என்று சட்டியை ஈரத் துண்டால் சுற்றி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். வாசலில் செக்யூரிட்டி மறித்தான்.

"சார், மண்ணு, செடியெல்லாம் உள்ள விட மாட்டாங்க. இங்க வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அவன் காட்டிய இடத்தில் சுள்ளென்று வெயில். நிழலில் வைக்கிறாயா என்றால், "நெழலுக்கு எங்க சார் போறது, எனக்கே இல்ல" என்கிறான். நான் உள்ளே போய் வருவதற்குள் பாசி அப்பளமாகிவிடும். மூன்றாவது மாடி ஜன்னலில் சுகந்தி மாதிரி யாரோ நின்றார்கள். கையை ஆட்டினேன். வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன்.

தூக்கிக்கொண்டு அலைந்ததில் ஒரு பக்கம் வாடியிருக்கிறது. எல்லாம் அந்த ஆஸ்பத்திரியின் வீண் சட்டத்தால் வந்தது.

ஏப்ரல் 23

அழகர் ஆற்றில் இறங்குகிறார். ரோடெல்லாம் அடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. நேற்று வழி இருந்தது, ஆனால் நேற்று, தண்ணீர் தேங்காமல் இருக்கப் பாசிக்கு அடியில் போட்டிருக்கிற கரியை மாற்ற வேண்டியிருந்தது.

ஏப்ரல் 26

பாண்டியம்மாளை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் வெகுகாலமாகப் பாத்திரம் தேய்க்கிறவள். சௌந்தரத்துக்குத் தங்கச்சி மாதிரி என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வார்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பாசியைத் தூக்கி வாசல் படியில் வெயிலில் வைத்திருக்கிறாள்.

"ஐயா, செடின்னா வெயிலு வேணாமா? இருட்டுக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கீக, பாவம்."

"உன்ன யாரு கேட்டா? வேலைய மட்டும் பாரு."

"அம்மா இருந்தா இப்பிடியா பேசுவீக?"

அம்மா இருந்தாலும் இப்படித்தான் பேசுவேன். அதையும் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். "அம்மா வந்து சொல்லட்டும்" என்றாள். "வீடு யாரோடது?" என்றேன். "அம்மாவோடது" என்கிறாள். கொழுப்பைப் பாருங்கள். வீடு சௌந்தரத்தின் பேரில்தான் இருக்கிறது, அவள் அப்பா எழுதி வைத்தது. அது ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமா?

பாத்திரமெல்லாம் தொட்டியில் கிடக்கிறது. பாசி தப்பியது.

ஏப்ரல் 30

காபி போட்டேன். வாயில் வைக்க விளங்கவில்லை. இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

மே 3

சுகந்தி வந்தாள். மருந்துக்கு நோய் கட்டுப்படுகிறதாம். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். பிறவிப் பயனை அடைந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா என்னயக் கேட்டாளா?" என்றேன். கையை விடுவித்துக்கொண்டு டாக்டர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி கொஞ்சம்கூட இல்லை. தனி அறை வேண்டும், ஏசி வேண்டும், வீட்டுக்குள் ஈர மண், செடி, பூ எதுவுமே இருக்கக் கூடாது. அதில் வருகிற பூஞ்சை நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும்.

"அதனால அந்தச் சட்டிய இன்னைக்கே வெளிய போட்டுரணும்ப்பா. ரூம டெட்டால் போட்டு நான் கழுவிர்றேன்."

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று பேசினால் எப்படி? அம்மா ஹாலில் படுக்கட்டுமே, கூலர் ஒன்று வாங்கி வைக்கலாம், படுக்கையறையைப் பூட்டிவிடலாம் என்று யோசனை சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சரி, வெளியே எங்காவது குளிர்ச்சியான இடம் பார்க்கிறேன், அதுவரைக்கும் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றேன். நாளைக்கு அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. இன்றைக்கு வெளியே வைத்தால் பாசி சாயங்காலம் வரைகூடத் தாங்காது. அவளுக்கு அங்கே நர்ஸ் இருக்கிறார்கள். இதற்கு யார் இருக்கிறார்கள்?

"ரெண்டு நாளா?" என்றாள். "அம்மா ரெண்டு நாள் இருக்கட்டும்னு சொல்றீங்க, அப்படித்தானப்பா?"

"ரெண்டே நாள்தான."

"சரிப்பா. அம்மாகிட்ட இதையே சொல்லிர்றேன்."

சொல்லட்டும். அவள் அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

மே 5

சௌந்தரமே போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன். குரல் மெலிந்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"சாப்ட்டேன், சாப்ட்டேன். பாசி நல்லா இருக்கு சௌந்தரம். நீ விட்டுட்டுப் போனதவிட அடர்த்தி. மெத்த மாதிரி இருக்கு."

"சுகந்தி சொன்னா."

"ரெண்டு நாளு பொறுத்துக்க. அதுக்கு ஒரு எடம் பாத்துட்டேன்னா..."

"நீங்க எடமெல்லாம் பாக்க வேணாம். நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காமக் கேளுங்க. அத உங்ககிட்ட ஒப்படைச்சதே நீங்க இங்க வரக் கூடாதுன்னுதான்."

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறாய் என்றேன்.

"வேல இல்லாட்டி வந்துருவீங்க. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நர்சுகிட்ட சண்ட போடுவீங்க. மொட்டத் தலையப் பாத்து ஏதாச்சும் சொல்லுவீங்க, பக்கத்துக் கட்டில்ல இருக்கவுங்க சிரிப்பாங்க. அதத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல. பாசின்னு ஒண்ணச் சொல்லிட்டா வீட்டோட கெடப்பீங்கன்னு தெரியும். கெடந்தீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "கல்யாணம் ஆனதுல இருந்து இந்த ஒரு மாசந்தான் நிம்மதியாப் படுத்திருந்தேன். ஊசி குத்திக்கிட்டேதான் இருந்தாங்க. ஆனாலும் நிம்மதி."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாளான்னைக்கு வீட்டுக்கு வர்றேன். நீங்க மாடி ரூமுக்குப் போயிருங்க. பாசியையும் எடுத்துக்கங்க. சோறு பாண்டியம்மா கொண்டு வந்து தருவா. அவள வரச் சொல்லிட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"அந்தப் பாசியப் பாத்துக்கிட்டு இருங்க. பெறகு பாப்போம்."

மே 6

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பது இதுதான். உழைத்துப் போட்டவன் மாடிக்கு, பாத்திரம் தேய்க்கிறவள் கீழே. அந்தக் கிழவர், என் மாமனார், வீட்டை அவள் பேரில் எழுதியபோதே என்னை எடை போட்டிருக்கிறார்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சுவரில் வீசி உடைத்துவிடலாம் என்றுதான் தூக்கினேன். கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

ஒன்று எழுதிவிடுகிறேன். அவள் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குச் சௌந்தரம் வேண்டும். அவளைக் கேலி செய்யாமல் எனக்கு யாரிடம் பேசத் தெரியும்?

மே 7

வந்துவிட்டாள். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தாள். முகத்தில் மாஸ்க். பாதி ஆளாக இருக்கிறாள். சுகந்தி ஒரு பக்கமும் பாண்டியம்மாள் ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டு போனார்கள். "சௌந்தரம்" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. காதில் விழுந்திருக்காது.

மே 11

மாடி ரூமுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகலில் உள்ளே இருந்தால் தோல் உரிகிறது. பழைய கேனில் பிடித்து வைத்திருந்த ஏசித் தண்ணீரைப் பாசிக்குத் தெளித்துக்கொண்டே இருக்கிறேன். தெளித்த கையோடு காய்கிறது. கீழே ஏசி ஓடுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறது.

"நானும் கொஞ்ச நேரம் கீழ வந்து உக்காந்துக்கறேன்னு அம்மாகிட்ட கேளு" என்று பாண்டியம்மாளிடம் சொல்லி அனுப்பினேன். போய்விட்டு வந்தாள்.

"பாசி வளக்குற கையோட உள்ள வரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காராம்யா."

நியாயந்தான். டாக்டர் சொன்னால் என்ன செய்வது?

மே 13

கீழே சிரிப்புச் சத்தம். சுகந்தி என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். சௌந்தரம். இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மே 15

இன்று ஒன்று புரிந்தது. பாசி இருக்கிற வரைக்கும்தான் எனக்கு மாடி. பாசி இல்லாவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லி என்னை மேலேயே வைப்பாள்? டாக்டர் சொன்ன கைக்கும் வேலை இல்லை. டெட்டால் போட்டுக் கழுவிக்கொண்டு கீழே போக வேண்டியதுதான்.

தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டேன்.

மே 16

சட்டியை வெயிலில் வைத்தேன். அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மே 18

பழுப்பாகிவிட்டது. தொட்டால் உதிர்கிறது. ஆனால் யூடியூப் பையன் சொல்லியிருக்கிறான், பாசி சாவது மாதிரி கிடக்குமே தவிர அவ்வளவு சீக்கிரம் சாகாது, ஈரம் பட்டால் எழுந்துகொள்ளும் என்று. மத்தியானம் மனசு கேட்கவில்லை. விரலை நனைத்து ஒரு ஓரத்தில் வைத்தேன். வைத்த இடம் பச்சையாக விரிந்தது. பயந்துபோய் மறுபடி வெயிலுக்கு நகர்த்தினேன்.

சாப்பிடவில்லை.

மே 21

இன்றைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

காலையில் இட்லி கொண்டுவந்த பாண்டியம்மாளிடம் சட்டியைக் காட்டினேன். "பாசி செத்துப்போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன், வெயில் தாங்கல. இனி எனக்கு இங்க வேல இல்ல. குளிச்சிட்டுக் கீழ வரட்டுமான்னு கேளு."

அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கேக்குறேன்யா" என்று போனாள்.

சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவினேன். நகத்தையெல்லாம் வெட்டினேன். ஷேவ் செய்துகொண்டேன். வெளுத்த வேட்டி ஒன்று பெட்டியில் இருந்தது, எடுத்துக் கட்டிக்கொண்டேன். கீழே போனதும் என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்தேன். தலையைப் பற்றிப் பேசக் கூடாது. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாற்காலியை வாசல் பக்கம் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றேன். பாண்டியம்மாள் வந்தாள். சோற்றுக் குண்டான் மூடும் அகலத் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தட்டு நிறையப் பாசி. பச்சைப் பசேல் என்று, தண்ணீர் சொட்டச் சொட்ட.

"ஏசித் தண்ணி விழுற எடத்துல செவுரு பூராம் புடிச்சுக் கெடக்குய்யா. அம்மா ஜன்னலுக்குள்ள இருந்தே கையக் காமிச்சாக, நான் வழிச்சு எடுத்தாந்தேன். இது பெருசு, இன்னும் ரொம்ப நாளைக்கு வரும்னாக."

"கீழ வரச் சொன்னாளா?"

"அத ஒண்ணும் சொல்லலய்யா."

"வேற என்ன சொன்னா?"

"அம்புட்டுத்தான்யா." தட்டைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. தட்டைக் கூரைக்கு உள்ளே, நிழலாக இருக்கிற மூலைக்கு இழுத்து வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேனில் மிச்சமிருந்த தண்ணீரைத் தெளித்தேன்.